மேல் டாங்க் நிறைய டீசல், கீழே ரிசர்வ் லைட்: பிக்கப் துணை டாங்க் பிழை நீக்கும் வழிமுறை

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் என்ன ஆகும் என்று சமையலறைப் பக்கம் போன எல்லோருக்கும் தெரியும். குளுக், குளுக் என்று திக்கித் திக்கி விழும். எதிர் ஓரத்தில் இன்னொரு சின்ன ஓட்டை போட்டால்தான் நூல் பிடித்த மாதிரி ஊற்றும். பிக்கப் டிரக்கில் கூடுதல் டீசல் டாங்க் மாட்டிவிட்டுத் திண்டாடுபவர்களில் பெரும்பாலானோர் டீசல் போகும் வழியை நன்றாகப் பார்த்திருப்பார்கள். காற்று போய்வரும் அந்த இரண்டாவது ஓட்டையைத்தான் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் அந்தக் கோஷ்டிதான்.

என் வண்டி 2010 செவ்ரோலெ சில்வராடோ 2500, 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் எல்எம்எம் எஞ்சின். இருப்பது டெக்சஸில், டாலஸ் பக்கம். கம்பெனி டாங்க் 26 காலன், அதாவது 98 லிட்டர். டிரெய்லரை மாட்டி இழுத்தால் காலனுக்குப் பத்து மைல் கொடுக்கும். கணக்குக்கு 260 மைல். ஆனால் 200 மைல் தாண்டினாலே கண் பங்க்கைத் தேட ஆரம்பித்துவிடும். மேற்கு டெக்சஸில் ஆல்பைனை விட்டால் பிக் பெண்ட் வாசலில் இருக்கும் ஸ்டடி பியூட் வரை சுமார் 80 மைலுக்குக் கள்ளியும் காற்றும்தான். அதற்காகத்தான் பின் பெட்டில், அதாவது சரக்கு ஏற்றும் திறந்த பகுதியில், 45 காலன் அலுமினிய டாங்க் ஒன்றை வைத்தேன். வைப்பதற்கு ஒரு சனிக்கிழமை போதுமானதாக இருந்தது. சரி செய்ய ஆறு மாதம் ஆனது.

இனி பெட்டில் இருப்பதை மேல் டாங்க் என்றும், கம்பெனி டாங்க்கைக் கீழ் டாங்க் என்றும் சொல்கிறேன்.

முதலில், உங்களுடையது எந்த வகை?

அறிகுறி ஒன்றாக இருந்தாலும் வகைக்கு வகை காரணம் மாறும். அதனால் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, புவியீர்ப்பு வகை. மேல் டாங்க்கின் அடியிலிருந்து ஒரு ஹோஸ் இறங்கி, கீழ் டாங்க்கின் ஃபில்லர் ஹோஸில், அதாவது பங்க்கில் ஊற்றும் டீசல் இறங்கும் ஹோஸில், டி-பீஸ் என்ற மூன்று வாய் இணைப்பு வழியாகச் சேரும். நடுவில் கையால் திருப்பும் பால் வால்வு ஒன்றும், கீழே நிரம்பியதும் தானாக மூடிக்கொள்ளும் மிதவை வால்வு ஒன்றும் இருக்கும். இரண்டாவது, பம்ப் வகை. பாதை அதேதான், ஆனால் 12 வோல்ட் பம்ப் ஒன்று தள்ளிவிடும். மூன்றாவது, செலக்டர் வகை. இதில் மேல் டாங்க்கிலிருந்தே எஞ்சினுக்கு நேராக லைன் போகும். டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் இந்த டாங்க்கா அந்த டாங்க்கா என்று மாற்றும்.

புவியீர்ப்பில் இறங்கும் டீசல் கீழ் டாங்க்குக்குத்தான் போக வேண்டும். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு நேராக விடக்கூடாது என்று அமெரிக்க மத்திய அரசின் வணிக வாகன விதி 49 சி.எஃப்.ஆர். 393.65 சொல்கிறது. சொந்த வண்டிக்கும் அதைக் கடைப்பிடிப்பதுதான் புத்தி. இன்னொன்று, இங்கே சொல்வதெல்லாம் டீசலுக்கு மட்டும். பெட்ரோல் வண்டியில் இந்த ஹோஸ் வித்தை வேண்டவே வேண்டாம்.

எதற்கும் முன்னால் பால் வால்வை மூடுங்கள்

என்ன கோளாறாக இருந்தாலும் முதல் வேலை இது. வால்வை மூடிவிட்டால் வண்டி கிட்டத்தட்டக் கம்பெனி வண்டியாகிவிடும். மூடிய நிலையில் ஒரு முழு நாள் ஓட்டுங்கள். கோளாறு நின்றுபோனால் காரணம் மேல் டாங்க், ஹோஸ் அல்லது மிதவை வால்வு. அப்படியே தொடர்ந்தால், காரணம் நீங்கள் வெட்டிச் சேர்த்த டி-பீஸ். அல்லது துணை டாங்க்குக்குச் சம்பந்தமே இல்லாத பழைய நோய். புது மருமகள் வந்த பிறகு வீட்டில் உடைந்ததெல்லாம் அவள் தலையில் விழுகிற மாதிரி, எட்டு வருடமாகத் தேய்ந்துகொண்டிருந்த ஃபில்டர் தலையின் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கும் புது டாங்க்தான் பழி சுமக்கும்.

பால் வால்வே வைக்காமல் மாட்டியிருக்கிறீர்களா? மேற்கொண்டு படிக்கும் முன் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

மேலே நிறைய இருக்கிறது, கீழே இறங்கவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். போன கோடையில் ஹியூஸ்டன் நண்பர் ஒருவர் நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து கூப்பிட்டார். "அண்ணா, மேல ஃபுல்லா இருக்கு, கீழ லைட் எரியுது. பம்ப் போயிடுச்சா?" அவர் வண்டியில் பம்ப்பே கிடையாது, புவியீர்ப்பு வகை. "மேல் டாங்க் மூடியைத் திறந்து பாருப்பா" என்றேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்த சத்தம் எனக்குப் போனிலேயே கேட்டது.

மூடியைத் திறக்கும்போது இப்படி உறிஞ்சும் சத்தம் வந்தால், அல்லது டாங்க்கின் பக்கச்சுவர் டொப்பென்று வெளியே வந்தால், நோய் பாதி தெரிந்துவிட்டது. மேல் டாங்க்குக்குக் காற்று உள்ளே போகவில்லை. மூடியில் இருக்கும் வென்ட் துளை தூசியால் அடைத்திருக்கும். மண் ரோட்டில் ஓடிய வண்டியில் டீசல் ஈரமும் தூசியும் கலந்து களிமண் மாதிரி பிடித்துக்கொள்ளும். அல்லது யாரோ நல்ல எண்ணத்தில் பழைய மூடிக்குப் பதிலாக வென்ட் இல்லாத மூடியைப் போட்டிருப்பார்கள். துளையைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது டாங்க் கம்பெனி கொடுத்த மூடியையே வாங்குங்கள். மூடியில் ஆணியால் ஓட்டை போடாதீர்கள். கவிழ்ந்தால் டீசல் கொட்டாமல் தடுக்கும் சின்ன வால்வு அந்த வென்ட்டுக்குள் இருக்கிறது.

மூடி திறந்தும் இறங்கவில்லையா? ஹோஸைக் கீழ் முனையில், டி-பீஸுக்கு முன்னால் கழற்றி, ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து நேரம் பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு சின்னக் கணக்கு உதவும். மணிக்கு 65 மைலில், காலனுக்குப் பத்து மைல் வீதம் டிரெய்லர் இழுக்கும் எஞ்சின் மணிக்கு 6.5 காலன் குடிக்கிறது, நிமிடத்துக்கு 0.4 லிட்டர்தான். ஆகவே ஒரு லிட்டர் பாட்டில் இரண்டரை நிமிடத்துக்குள் நிரம்பினாலே மேல் டாங்க் எஞ்சினுக்கு ஈடுகொடுக்கும். நல்ல நிலையில் இருக்கும் 3/8 அங்குல ஹோஸில் அரை நிமிடம்கூட ஆகாது. சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு மேலே. பாட்டில் சட்டென்று நிரம்பினால் மேலே எல்லாம் சரி. பிரச்சினை டி-பீஸிலோ கீழ் டாங்க்கின் காற்று வழியிலோ இருக்கிறது.

மேலே அடைப்பு என்றால் ஹோஸின் பாதையை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். அது ஆரம்பம் முதல் கடைசி வரை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டின் தரையைத் தாண்டும் இடத்தில் ஒரு மேடு, அதற்குப் பின் ஒரு தொய்வு இருந்தால், மேட்டில் காற்றுக் குமிழி உட்கார்ந்துகொள்ளும். டாங்க் நிறைய இருக்கும்போது எடை அதைத் தள்ளிவிடும். கால்வாசிக்கு வந்ததும் தள்ள முடியாது. "முதல் நூறு மைல் நன்றாக இறங்குகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது" என்று சொல்பவர்கள் இந்த மேட்டைத்தான் தேட வேண்டும்.

மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது என்றால் ஹோஸையே சந்தேகப்படுங்கள். ஹீட்டர் ஹோஸ் கையில் கிடைத்தது என்று அதைப் போட்டிருந்தால், அந்த ரப்பர் டீசலில் ஊறி உப்பும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது; உள்ளே துளை பென்சில் அளவிலிருந்து ஊசி அளவுக்கு வந்திருக்கும். எரிபொருளுக்கென்றே விற்கும் ஹோஸில் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக மிதவை வால்வு. என் வண்டியில் அது பாதி வழியில் ஒட்டிக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளை நூல் ஒன்று சுற்றிக்கிடந்தது. நான் மரைகளில் தாராளமாகச் சுற்றிய டெஃப்லான் டேப்தான். முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும் என்று அதற்கு முன் எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது டீசலைத் தாங்கும் பேஸ்ட்தான் போடுகிறேன்.

கீழ் டாங்க் நிரம்பி வழிகிறது

இதுதான் ஆபத்தான அறிகுறி. வழிந்தால் வால்வை மூடிவிட்டு, எஞ்சினையும் அணைத்துவிட்டு, பிறகு யோசியுங்கள். டீசல் பெட்ரோல் மாதிரி பக்கென்று பற்றாது என்பது உண்மைதான். ஆனால் 2007க்குப் பின் வந்த வண்டிகளில் புகையிலிருக்கும் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப்., சேர்ந்த கரியை எரிக்கும் நேரத்தில் புகைபோக்கி வழி சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குப் போகும். அதன் மேல் சொட்டினால் டீசலும் பெட்ரோலும் ஒன்றுதான்.

பம்ப் வகை வைத்திருப்பவர் சொல்வது இப்படி இருக்கும்: "சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கப்போனேன், காலையில் வண்டிக்கடியில் குளம்." சுவிட்சை அணைத்தால் பம்ப் நிற்கும், டீசல் நிற்காது. ஹோஸை வாயால் ஒருமுறை உறிஞ்சிவிட்டால் பிறகு தானாக இறங்குமே, அதே கதைதான். மேல் டாங்க் உயரத்தில் இருக்கிறது, ஹோஸ் நிறைய டீசல் இருக்கிறது, சாதாரணப் பம்ப் அதை மறிக்காது. லைனில் மின்சாரம் இருந்தால் மட்டும் திறக்கும் சோலினாய்டு வால்வு ஒன்றைப் பம்ப்போடு சேர்த்து இணைக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். தலைகீழான வகையும் அதே அலமாரியில், அதே விலையில் இருக்கும்.

புவியீர்ப்பு வகையில் வழிந்தால் மிதவை வால்வு மூடவில்லை என்று அர்த்தம். குப்பை ஒரு காரணம். சாய்வாக மாட்டியது இன்னொன்று. மிதவை நேராக மேலும் கீழும் போக வேண்டும், நாற்பது டிகிரி சாய்ந்தால் ஓரத்தில் உரசி நின்றுவிடும். மூன்றாவது காரணம் வால்வில் இல்லை, நீங்கள் வண்டியை நிறுத்திய இடத்தில் இருக்கிறது. மேட்டுச் சரிவில் நிறுத்தினால் ஃபில்லர் வாய்க்கும் டாங்க்குக்கும் உள்ள உயர வித்தியாசம் மாறிவிடும். சமதளத்தில் சரியாக மூடும் வால்வு, சரிவில் நேரம் தப்பி மூடும். இரவு நிறுத்தும்போது வால்வை மூடுவது பல் தேய்ப்பது மாதிரி பழக்கமாகிவிட வேண்டும்.

வெயில் நேரத்தில் மட்டும் வழிகிறதா? அது விரிவு. டீசல் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் 0.8 பங்கு விரியும். அதிகாலையில் நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 200 லிட்டர், பகலில் 30 டிகிரி சூடேறினால் ஐந்து லிட்டர் அதிகமாகிவிடும். அந்த ஐந்து லிட்டருக்கு இடம் வேண்டும். டாங்க் கொள்ளளவில் 95 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாதபடிதான் டாங்க் இருக்க வேண்டும் என்று அதே விதித்தொகுப்பின் 393.67 சொல்வது இதற்காகத்தான். கழுத்து வரை நிரப்பி இரண்டு முறை தட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றும் நம் ஊர்ப் பழக்கத்தை மேல் டாங்க்கிடம் காட்டாதீர்கள்.

பங்க்கில் நாசில் டக், டக்கென்று நிற்கிறது

டாங்க் மாட்டுவதற்கு முன் இப்படி இல்லை, இப்போது கீழ் டாங்க்கில் ஐந்து காலன் போவதற்குள் பத்து முறை நிற்கிறது. பால் வால்வை மூடினாலும் அப்படியேதான். இது டி-பீஸ் தப்பு, சந்தேகமே வேண்டாம்.

கீழ் டாங்க்குக்குப் போகும் குழாய்கள் இரண்டு: டீசல் இறங்கும் தடித்த ஹோஸ் ஒன்று, காற்று ஏறும் மெல்லிய ஹோஸ் ஒன்று. வெட்ட எளிது என்று மெல்லியதில் டி-பீஸைப் போட்டுவிடுகிறார்கள். மேலிருந்து இறங்கும் டீசலும் கீழிருந்து ஏறும் காற்றும் ஒரே சந்தில் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளும். சரியான ஹோஸில்தான் போட்டேன் என்றால், டி-பீஸின் உள் முனை குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா, கிளாம்ப்பை முடுக்கும்போது பக்கத்திலிருந்த மெல்லிய ஹோஸ் மடங்கிவிட்டதா என்று பாருங்கள். ஹோஸை வெட்டிச் சேர்த்த இடத்தில் அது முன்பைவிட அரை அங்குலம் நீண்டிருந்தாலே தொய்வு விழுந்து, அதில் டீசல் தேங்கி, காற்று வழியை அடைத்துவிடும்.

ஸ்டார்ட்டிங் ட்ரபிள், ஓடும்போது அணைதல்

புவியீர்ப்பு, பம்ப் வகைகளில் மேல் டாங்க் காலியானால் ஒன்றும் ஆகாது. காற்று கீழ் டாங்க்குக்குள் போகும், வென்ட் வழியாக வெளியேறும், அவ்வளவுதான். எஞ்சினுக்குப் போகும் லைனை நீங்கள் தொடவே இல்லை. அதனால் இந்த வகைக்காரர்களுக்கு ஸ்டார்ட்டிங் ட்ரபிள் வந்தால் அடுத்த பகுதியிலிருக்கும் அழுக்கை முதலில் சந்தேகப்படுங்கள்.

செலக்டர் வகையில் கதை வேறு. மேல் டாங்க் வற்றியதைக் கவனிக்காமல் ஓட்டினால் லைன் முழுக்கக் காற்று ஏறிவிடும். அதிலும் 2001 முதல் 2016 வரை வந்த டியூராமேக்ஸ் எஞ்சின்களில் டாங்க்கிலிருந்து டீசலை எஞ்சினுக்குத் தள்ளிவிடும் லிஃப்ட் பம்ப் கிடையாது. எஞ்சினில் உள்ள உயர் அழுத்தப் பம்ப்தான் டாங்க்கிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் லைனில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். தரை காய்ந்திருக்கும், வண்டி மட்டும் காலையில் இருமும்.

சோதிப்பது எளிது. ஃபில்டர் தலையில் கைப் பம்ப் இருக்கிறது. இரவில் வண்டியை நிறுத்தியதும் அதைக் கல் மாதிரி இறுகும் வரை அமுக்குங்கள். காலையில் முதல் வேலையாக மறுபடி அமுக்கிப் பாருங்கள். இறுக்கமாகவே இருந்தால் லைன் சரி. பஞ்சு மாதிரி அமுங்கினால் எங்கோ காற்று எடுக்கிறது. செலக்டர் வால்வை விட்டுவிட்டு, கீழ் டாங்க்கிலிருந்து ஃபில்டருக்குத் தற்காலிகமாக நேராக ஒரு ஹோஸ் போட்டு அடுத்த இரவும் இதையே செய்தால், குற்றவாளி வால்வா பழைய ஓ-ரிங்கா என்று தெரிந்துவிடும். காற்றை எடுக்க ஃபில்டர் தலையின் பிளீடர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கைப் பம்ப்பை அடியுங்கள். ஸ்டார்ட்டரைப் பத்து நொடிக்கு மேல் விடாமல் திருப்பாதீர்கள்.

செலக்டர் வகைக்கே உரிய இன்னொரு வினோதம்: ஒரு டாங்க்கிலிருந்து ஓட்டினால் இன்னொரு டாங்க் நிரம்புகிறது! டீசல் எஞ்சின் எடுப்பதையெல்லாம் எரிப்பதில்லை; ஒரு பெரும் பங்கைச் சூடாகத் திருப்பி அனுப்பும். எடுக்கும் லைனை மட்டும் மாற்றி, திரும்பும் லைனைக் கீழ் டாங்க்கிலேயே விட்டுவிட்டால், மேலே குடித்து கீழே துப்பும். அதனால்தான் இதற்கு ஆறு வாய் வால்வு வேண்டும்: எடுப்பதற்கு மூன்று, திரும்புவதற்கு மூன்று. 1990களின் நடுப்பகுதி வரை ஃபோர்டு எஃப் வரிசை டீசல்களில் கம்பெனியே இரட்டை டாங்க் வைத்து வந்தது. அந்தப் பழைய வண்டிகளில் வால்வு பாதியில் சிக்கி இதே கூத்து நடப்பதுண்டு.

டீசலில் தண்ணீர் என்று காட்டும் விளக்கு எரிகிறது, ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறது, இழுவை இல்லை

ஏற்றத்தில் வண்டி திணறுகிறது, சமதளத்தில் சரியாகிறது என்றால் ஃபில்டர் அடைப்பு. புது டாங்க் மாட்டிய பின் முதல் ஃபில்டரை ஆயிரம் மைலிலேயே மாற்றிவிடுங்கள். வெல்டிங் துகளும் துளையிட்ட உலோகச் சீவலும் உள்ளே இருந்தே தீரும். மாற்றும்போது பழையதில் இருப்பதை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஓரிரவு வையுங்கள். அது சொல்லும் ஜாதகத்தை ஸ்கேனர்கூடச் சொல்லாது.

அடியில் தெளிவாக ஒரு தனி அடுக்கு நின்றால் தண்ணீர். பாதி காலியாகக் கிடக்கும் மேல் டாங்க் பகலில் சூடாகி இரவில் குளிரும். ஒவ்வொரு இரவும் ஈரக்காற்றை வென்ட் வழியாக இழுத்து உள்சுவரில் வியர்க்கும். பயணம் இல்லாத மாதங்களில் ஒன்று நிரப்பி வையுங்கள், அல்லது சுத்தமாகக் காலி செய்துவிடுங்கள். பாதியில் விடுவதுதான் மோசம். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கறுப்பு வழுவழுப்பு, சளி மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. தண்ணீர் இருந்தால்தான் வாழும். கொல்லும் மருந்து கடையில் உண்டு. ஆனால் தண்ணீரை வடிக்காமல் மருந்து மட்டும் ஊற்றினால், செத்த பூஞ்சை மொத்தமும் வந்து ஃபில்டரில்தான் உட்காரும்.

அடுத்ததை வெட்கத்தோடு சொல்கிறேன். முதலில் மாட்டியபோது பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைத்த ஜி.ஐ. நிப்பிள்களைப் போட்டேன். தண்ணீர்க் குழாய்க்குப் போடுவதுதானே, துருப்பிடிக்காதே என்று நினைத்தேன். ஜி.ஐ.யின் மேல்பூச்சு துத்தநாகம். அது டீசலோடு வினைபுரிந்து சோப்பு மாதிரியான ஒரு படிவாகி, ஃபில்டரையும் தாண்டி இன்ஜெக்டர் நுனியில் போய்ப் படியும். செம்பும், செம்பு கலந்த பித்தளையும் டீசலைக் கெடுக்கும். சின்ன வால்வு ஒன்று பித்தளையில் இருந்தால் வானம் இடிந்துவிடாது, நீளக் குழாயாகச் செம்பு போடாதீர்கள். ஸ்டீல், அலுமினியம், டீசலுக்கான ஹோஸ், இவை போதும்.

பழைய டாங்க் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. பண்ணையிலிருந்து வந்த டாங்க் என்றால் உள்ளே சிவப்புச் சாயம் கலந்த டீசல் இருந்திருக்கும். அது சாலை வரி கட்டாத, வயல் வண்டிக்கான டீசல். சாலையில் ஓடும் வண்டியில் அது சிக்கினால் மத்திய அரசின் அபராதம் ஆயிரம் டாலர், அல்லது காலனுக்குப் பத்து டாலர், எது அதிகமோ அது. புட்டியில் லேசான ரோஜா நிறம் தெரிந்தால் டாங்க்கை முழுக்க வடித்துக் கழுவுங்கள்.

ஊற்றியது டீசலே இல்லை

மேல் டாங்க்கின் வாய் அகலம். லாரிகள் நிறுத்தும் பங்க்கில் டீசலுக்குப் பக்கத்திலேயே டி.இ.எஃப்., அதாவது புகையைச் சுத்தப்படுத்தத் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியாத் திரவத்தின் குழாயும் இருக்கும். டி.இ.எஃப். தொட்டியின் கழுத்து குறுகல், அதில் டீசல் நாசில் நுழையாது. ஆனால் மெலிந்த டி.இ.எஃப். நாசில் டீசல் டாங்க்குக்குள் தாராளமாக நுழையும். தவறி ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள், பால் வால்வைத் திறக்காதீர்கள். மேல் டாங்க்கை மட்டும் வடித்தால் சில நூறு டாலரோடு போகும். கீழே இறங்கி எஞ்சினும் ஓடிவிட்டால், உயர் அழுத்தப் பம்ப் முதல் இன்ஜெக்டர் வரை எல்லாவற்றுக்கும் பில் வரும். பால் வால்வை எப்போதும் மூடி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

மீட்டர் முள் அசையவே இல்லை, செக் எஞ்சின் எரிகிறது

குறியீடு பி0460 அல்லது பி0461 என்று வந்தால், சென்சார் வாங்க ஓடாதீர்கள். இத்தனை மைல் ஓடியிருக்கிறது, டீசல் அளவு குறைய வேண்டுமே, ஏன் முழுதாகவே இருக்கிறது என்று வண்டியின் கணினி சந்தேகப்படுகிறது. அதன் சந்தேகம் நியாயமானதுதான். மேலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தால் முள் எப்படி அசையும்? கீழ் டாங்க் பாதிக்கு வரும் வரை வால்வை மூடி ஓட்டுங்கள். பிறகு திறந்து நிரப்பிவிட்டு மறுபடி மூடுங்கள். முள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் கணினி சமாதானமாகும். வால்வைத் திறந்தே விட்டு ஓட்டும் நாளில், இன்னும் எத்தனை மைல் போகும் என்று திரையில் வருவதை நம்பாதீர்கள்.

குளிரில் மட்டும் நிற்கிறது

பங்க்கில் வழக்கமாகக் கிடைக்கும் இரண்டாம் எண் டீசலில் மெழுகு உண்டு. ஏறக்குறைய மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே அது கலங்க ஆரம்பிக்கும். கோடைக்கான டீசல் என்றால் அதற்கு முன்னாலேயே. கீழ் டாங்க்குக்கு எஞ்சினிலிருந்து திரும்பும் சூடான டீசல் உதவும். மேல் டாங்க்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. திறந்த பெட்டில் காற்றடித்து, மெல்லிய ஹோஸில் அசையாமல் நிற்கும் டீசல்தான் முதலில் கெட்டியாகும். 2021 பிப்ரவரிப் பனியில் டாலஸில் மைனஸ் 19 டிகிரி வரை போனது. அன்று என் கீழ் டாங்க்கில் வண்டி ஓடியது, மேலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. குளிர் பிரதேசத்துக்குப் போவதென்றால் அந்த ஊர்ப் பங்க்கில் விற்கும் குளிர்காலக் கலவையை மேல் டாங்க்கில் ஊற்றுங்கள். கெட்டியாகிவிட்டால் வெதுவெதுப்பான இடத்தில் நிறுத்திக் காத்திருப்பது ஒன்றே வழி. ஹோஸுக்கு நெருப்புக் காட்டும் வீரம் வேண்டாம்.

பம்ப் ஓடவில்லை

முதலில் ஃபியூஸ். அது சரியென்றால் பம்ப்பை ஓடவிட்டபடியே அதன் இரு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஒயர் மெலிது, அல்லது எர்த் சரியில்லை. பெட்டின் பெயின்ட்டுக்கு மேலேயே எர்த் ஸ்க்ரூவைப் போட்டவர்களை நான் எண்ணிவிட்டுக் களைத்துவிட்டேன். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பம்ப்பின் வாயில் குப்பை சிக்கி இறுகியிருக்கும். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

டீசல் வாசனை, டாங்க்குக்கடியில் ஈரம்

ஈரத்தைத் துடைத்துவிட்டு, வெல்டிங் ஓரங்களில் டால்கம் பவுடரைத் தூவி ஒரு மணி நேரம் ஓட்டி வாருங்கள். எங்கே பவுடர் கறுத்திருக்கிறதோ அங்கே கசிவு. பெட் முறுக்கும்போது டாங்க்கும் சேர்ந்து முறுக்கினால் வெல்டிங் கீறும். அடியில் ரப்பர் பாய் போட்டு, போல்ட்டுகளுக்கும் ரப்பர் வாஷர் போடுங்கள். 2017 முதல் ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் பெட் அலுமினியம். அதன் மேல் ஸ்டீல் டாங்க்கை நேராக உட்கார வைத்தால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும், ஆகவே அங்கே ரப்பர் கட்டாயம். கீறிய டாங்க்கை நீங்களே வெல்டு செய்ய நினைக்காதீர்கள். காலியான டாங்க்குக்குள் நிற்கும் ஆவி, நிறைந்த டாங்க்கைவிடக் கொடியது.

பின்பக்கம் தாழ்கிறது, எதிரே வருபவர் லைட்டை அடித்துக் காட்டுகிறார்

டீசல் காலனுக்கு 7.1 பவுண்டு. என் 45 காலன் நிறைந்தால் 320 பவுண்டு, டாங்க்கின் எடை தனி. ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளில் வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று போட்டிருக்கும். அதிலிருந்து இதையும், டிரெய்லர் கொக்கியில் அழுத்தும் எடையையும், ஆட்களையும் கழித்துப் பாருங்கள். மிச்சம் மைனஸில் வந்தால் பின் ஸ்பிரிங்கைத் தடிப்பாக்குவது தீர்வல்ல, அந்தத் தாளின் எண் அப்படியேதான் இருக்கும். டாங்க்கைப் பாதி நிரப்பிக்கொண்டு போங்கள்.

எதைச் சரி செய்திருந்தாலும் மேல் டாங்க்கில் பத்து காலன் மட்டும் ஊற்றி, வீட்டைச் சுற்றி முப்பது மைல் ஓட்டிவிட்டு வாருங்கள். வந்ததும் எல்லாக் கிளாம்ப்புகளையும் இன்னொரு கால் சுற்று முடுக்குங்கள். புது ஹோஸ் சூட்டில் கொஞ்சம் இளகி உட்கார்ந்திருக்கும்.